மர்மம் மனத்துள் புகுந்த கதை



ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். கல்வெட்டும் செப்பேடும் படிக்கும் பயிற்சி எனக்கில்லை. பத்தாம் வகுப்பு தேறி, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து, விடுப்புப் பதிவேடுகளோடு காலம் கழிப்பவன் நான். ஆயினும் ஒரு வரலாறு எனக்குத் தெரியும். துப்பறியும் கதைகளையும் மர்மப் படங்களையும் சிறு வயது முதல் விடாது படித்தும் பார்த்தும் வந்திருக்கிறேன். நம் காலனியில் மின்சாரம் தடைப்படும் இரவுகளில் மொட்டை மாடியில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அக்கதைகளைச் சொல்லும் வழக்கமும் எனக்குண்டு. "இன்று பேய்க் கதையா, கொலைக் கதையா?" என்று கேட்டவாறு வரும் அப்பிள்ளைகளுள் சிலர் இன்று கல்லூரியில் படிக்கின்றனர்.

தமிழில் மர்மக் கதை எவ்வாறு தோன்றி, எவ்வாறு மனிதனின் மனத்துக்குள் புகுந்து, அங்கே என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதை எழுத என்னைத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. அதை உரிய இடத்தில் கூறுவேன். பழைய பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கத்தின் முடிவில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று அச்சிட்டிருப்பார்களே, அந்த உரிமையை நானும் சற்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். திடுக்கிடச் செய்வது வேறு. பதைக்கச் செய்வது வேறு. நால்வர் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டிருக்கையில் திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடித்தால் நாம் ஒரு கணம் திடுக்கிடுவோம். குண்டு அங்கே இருப்பதும், அது வெடிக்கப்போகும் நேரமும் நமக்கு முன்னமே தெரிந்து, அந்நால்வருக்கு மட்டும் தெரியாதிருந்தால், அவர்கள் பேசும் வெறும் பேச்சு முழுவதும் நமக்கு வேதனையாகிவிடும். ஆங்கிலப் பட இயக்குநர் ஆல்பிரெட் ஹிட்ச்காக் இவ்விளக்கத்தைப் பலமுறை கூறியிருக்கிறார். உலகம் அவரை இக்கலையின் ஆசான் என்கிறது. அப்புகழ் தகும். ஆனால் நம் இளங்கோவடிகள் இதை அவருக்கு வெகுகாலம் முன்னரே செய்துவிட்டார் என்பது என் துணிபு. கோவலன் மதுரை வீதியில் சிலம்பை விற்கச் செல்கிறான். எதிரே வரும் பொற்கொல்லனிடம் அதைக் காட்டுகிறான். அப்பொற்கொல்லனே அரசியின் சிலம்பைக் களவாடியவன் என்று அடிகள் நமக்கு அப்போதே சொல்லிவிடுகிறார். கோவலனுக்குச் சொல்லவில்லை. அவன் தன் சிலம்பை விரித்துக் காட்டி, பொற்கொல்லன் சொன்ன இடத்தில் காத்திருக்கிறான். மேசைக்கடியில் குண்டு என்பது இதுதான்.

நிற்க. அச்சு நூலாக வந்த துப்பறியும் நாவல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழுக்கு வந்தது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார். ஜே. ஆர். ரங்கராஜு 'இராஜாம்பாள்', 'சந்திரகாந்தா' முதலிய நாவல்களால் துப்பறியும் கோவிந்தனை வீடுதோறும் அறிமுகம் செய்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' 1950ஆம் ஆண்டு படமாகவும் வந்தது. தமிழ்வாணனின் சங்கர்லாலை அறியாத வீடு ஏது? தேவன் ஒருவர் மட்டும் துப்பறிவாளரையே நகைச்சுவைப் பாத்திரமாக்கி, துப்பறியும் சாம்புவைத் தந்தார். இவற்றிலெல்லாம் கேள்வி ஒன்றே: செய்தவன் யார்? செய்தவனைக் கண்டு விலங்கு பூட்டியதும் கதை முடியும். அவன் ஏன் செய்தான் என்பதற்குச் சொத்தும் சோரமுமே போதுமான விடைகள். அவன் உள்ளம் என்ன பாடுபட்டது என்று எவரும் கேட்கவில்லை. வாசகரும் அதை எதிர்பார்க்கவில்லை.

அக்கேள்வியைச் சிறுகதையில் எழுப்பியவர் புதுமைப்பித்தன். அவரது 'காஞ்சனை' என்னும் கதை, அதே பெயர் கொண்ட தொகுதியில் 1943ஆம் ஆண்டு நூலாக வந்தது. கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். அவர் வீட்டுக்குப் பிச்சை கேட்டு ஒருத்தி வருகிறாள். மனைவி இரங்கி அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அதன்பின் இரவு நேரங்களில் வீட்டில் நிகழ்பவை பேயின் செயலா, கதை சொல்பவரின் மனத்தில் எழும் தோற்றமா என்பதை ஆசிரியர் கடைசிவரை தீர்த்துச் சொல்வதில்லை. துப்பறிபவனும் இல்லை, கைதானவனும் இல்லை. படித்து முடித்தபின் விளக்கை அணைக்க நமக்குத்தான் மனம் வராது. மர்மம் தெருவிலிருந்து மனத்துள் அடியெடுத்து வைத்தது இங்கேதான் என்பேன்.

திரையில் அந்த அடி விழுந்தது 1954ஆம் ஆண்டில். அப்படத்தின் பெயர் 'அந்த நாள்'.

என் தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூர் வந்து ரயில்வேயில் சேர்ந்தவர். சிவாஜி கணேசன் படமென்றால் முதல் வாரமே பார்த்தாக வேண்டும் அவருக்கு. 'அந்த நாள்' பார்த்த கதையை அவர் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "பாட்டு வரும், பாட்டு வரும் என்று காத்திருந்தேனப்பா. பாட்டு வருவதற்குள் படமே முடிந்துவிட்டது!" என்பார். அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தவர் பாதியில் எழுந்து போனாராம். சிவாஜி முதற் காட்சியிலேயே சுடப்பட்டு விழுந்துவிட்டதைக் கண்டு, தவறான படச்சுருளைப் போட்டுவிட்டார்கள் என்று கொட்டகையில் சிலர் கூச்சலிட்டதாகவும் சொல்வார். தாத்தா கதையைக் கொஞ்சம் பெருக்கிச் சொல்லும் இயல்பினர். ஆயினும் படம் முதல் வெளியீட்டில் பெருவாரியான மக்களைக் கவரவில்லை என்பது வரலாறு.

அதில் வியப்பில்லை. பத்துப் பதினைந்து பாட்டுகளும், ஒரு நடனமும், சண்டையும் இல்லாத படத்தை அந்நாளில் எவர் எடுப்பார்? ஏவி. மெய்யப்பன் எடுத்தார். இயக்கியவர் எஸ். பாலசந்தர். பிற்காலத்தில் வீணை பாலசந்தர் என்று புகழ்பெற்று, பத்மபூஷண் விருதும் பெற்ற அதே மேதைதான். சங்கீதத்தில் ஊறிய ஒருவர் பாட்டே இல்லாத படத்தை எடுத்தார் என்பதை எண்ணி எண்ணி வியப்பதுண்டு. எங்கே இசை கூடாது என்பது இசை தெரிந்தவருக்குத்தானே தெரியும்!

கதை இதுதான். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னைமீது குண்டு வீசிய நிகழ்ச்சியை ஒட்டி, ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். விசாரிக்க வரும் துப்பறியும் அதிகாரி சிவானந்தம் (திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே இவ்வேடத்தில் நடித்தார்) வீட்டிலுள்ளோரையும் அக்கம்பக்கத்தாரையும் ஒவ்வொருவராக வினவுகிறார். அடுத்த வீட்டுக்காரர் ஒரு கதை சொல்கிறார், தம்பி ஒன்று, தம்பி மனைவி ஒன்று, ராஜனோடு தொடர்பு கொண்டிருந்தவள் ஒன்று. ஒவ்வொருவர் வாய்மொழியிலும் ராஜன் வெவ்வேறு மனிதனாகத் தோன்றுகிறான். ஒவ்வொருவர் நெஞ்சிலும் அவன்மீது ஒரு கசப்பு இருந்தது வெளிப்படுகிறது.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமான்' 1951ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் தலையாய பரிசு பெற்றது. பாலசந்தருக்குத் தூண்டுகோல் அதுவே என்பர். 1950இல் வந்த 'தி உமன் இன் கொஸ்ச்சன்' என்னும் ஆங்கிலப் படத்தோடுதான் ஒற்றுமை மிகுதி என்று கூறுவாரும் உளர். எதுவாயினும், முடிச்சு அவிழும் இடம் நம்முடையது. ராஜன் திறமைசாலி. மலிவு விலையில் ஏழை மக்களுக்கு வானொலிப் பெட்டி செய்து தரவேண்டும் என்பது அவன் கனவு. அதற்கு அரசின் ஆதரவு கிட்டவில்லை. அக்கனவு முறிந்த இடத்தில் வெறுப்பு வளர்கிறது. வெறுப்பு ஒரே நினைப்பாகத் திரண்டு அவனைப் பகைவரின் ஒற்றனாக்குகிறது. தேசபக்தியில் ஊறிய அவன் மனைவி உஷா இதை அறிகிறாள். கெஞ்சுகிறாள். முடிவில் அவள் கையிலிருந்த துப்பாக்கியின் குண்டே அவன் உயிரைக் குடிக்கிறது.

ஒரு நல்ல எண்ணம் எவ்வாறு படிப்படியாகப் பித்தாகிறது என்பதை நம் திரை முதன்முதல் இப்படத்தில் கண்டது. அதனாலேயே சொல்கிறேன், 'அந்த நாள்' கொலைக் கதையன்று, மனக் கதை. பின்னர்த் தேசிய விருதுகளில் அதற்கு நற்சான்று கிடைத்தது. மறுபடி வெளியிட்டபோது முன்னிலும் நல்ல வரவேற்பு இருந்தது. இன்று தமிழ்ப் படங்களின் சிறந்த பட்டியல் எதை எடுத்தாலும் அதன் பெயர் காணப்படுகிறது. தாத்தாவும் பிற்காலத்தில் தொலைக்காட்சியில் அதை இரண்டாம் முறை பார்த்துவிட்டு, "பாட்டு இருந்தால் கெட்டுப் போயிருக்கும்" என்றார். மனிதர் தோல்வியை ஒப்புக்கொள்ள ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின!

பெங்களூர்வாசிகளாகிய நமக்கு இங்கே ஒரு சிறு பெருமையும் உண்டு. உஷாவாக நடித்த பண்டரிபாய் கன்னட நாட்டவர். அதே 1954ஆம் ஆண்டில்தான் ராஜ்குமார் கதாநாயகராக அறிமுகமான 'பேடர கண்ணப்பா' வெளிவந்தது. அதிலும் பண்டரிபாயே கதாநாயகி. நம் கண்ணப்ப நாயனார் கன்னடத்தில் பேசியதும், கன்னடத்து நடிகை தமிழில் தேசத்துக்காகக் கணவனைச் சுட்டதும் ஒரே ஆண்டில்.

பத்தாண்டுகள் கழித்து, 1964ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், இரண்டு மர்மப் படங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்று பாலசந்தரின் 'பொம்மை'. அதில் ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு வைக்கப்படுகிறது. பொம்மை கைமாறிக் கைமாறிச் செல்கிறது. மேசைக்கடிக் குண்டுக்குக் கால் முளைத்த கதை என்று சொல்லி அதை இங்கே விட்டுவிடுகிறேன். மற்றொன்று தாதா மிராசி இயக்கிய 'புதிய பறவை'. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்; ஏனெனில் இது ரயிலைப் பற்றிய படமும் ஆகும். நான் ரயில்வேக்காரன்.

1958ஆம் ஆண்டின் 'சேஸ் எ க்ரூக்கட் ஷாடோ' என்ற ஆங்கிலப் படத்திலிருந்து 1963இல் வங்காளத்தில் 'சேஷ் அங்க' வந்தது. அதிலிருந்து தமிழுக்கு வந்தது இது. கோபால் செல்வந்தன். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வரும்போது லதாவைச் சந்தித்துக் காதல் கொள்கிறான். லதாவாக நடித்த சரோஜாதேவி நம் பெங்களூரில் பிறந்து, 2025ஆம் ஆண்டு ஜூலையில் இந்நகரிலேயே மறைந்தவர். கோபாலுக்கு ஒரு வினோத வழக்கம் உண்டு. ரயில் வரும் ஓசை கேட்டால் அவன் முகம் வெளுக்கும், உடல் நடுங்கும். முதல் மனைவி சித்ரா தண்டவாளத்தில் விழுந்து உயிர்விட்டாள் என்று அதற்குக் காரணம் சொல்கிறான். பிறகு திருமணம் நிச்சயமாகும் வேளையில், நான்தான் சித்ரா என்று ஒருத்தி வந்து நிற்கிறாள்! சௌகார் ஜானகி. அவள் சித்ரா அல்லள் என்று கோபாலுக்கு உறுதியாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை மட்டும் அவனால் சொல்ல முடியாது. தான் அறைந்த அறையில் அவள் இறந்ததும், உடலைத் தண்டவாளத்தில் கிடத்தியதும் அவனுக்கு மட்டுமே தெரிந்தவை அல்லவா? இறுதியில் அவன் தானே வாய்விட்டுச் சொல்லும்படி ஆகிறது. வந்தவளும், காதலித்தவளும், சுற்றி நின்றவரும் எல்லாம் காவல் துறையின் ஏற்பாடு.

இப்படத்தில் கொலைகாரனைத் தேடுபவர் நாமல்லர். நாம் கோபாலோடு அவன் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கிறோம். அவன் தப்ப வேண்டுமே என்று நம்மையும் அறியாமல் வேண்டிக்கொள்கிறோம். குற்றம் செய்தவன் அவனே என்று தெரிந்த பின்னும் அந்தப் பரிவு முற்றும் போய்விடுவதில்லை. ஒரு மனிதன் தன் நினைவைத் தானே சுமக்க மாட்டாமல் உடையும் காட்சியைச் சிவாஜி நடித்ததுபோல் தமிழில் வேறெவரும் நடிக்கவில்லை. சிலர் அதை மிகை நடிப்பு என்பர். ரயில் ஓசைக்கு நடுங்கும் மனிதரை நேரில் கண்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இதுவரை வந்த கதையில் குற்றவாளியின் மனத்தை நாம் நம் மனம்போல் அறிந்தோம். இனி வருவது வேறு. 1960ஆம் ஆண்டு ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' வெளிவந்தது. அப்பெயரே உலக மொழிகள் பலவற்றில் ஒரு வசைச் சொல்லாயிற்று. அதன் நிழல் தமிழில் சிறிது தாமதித்து விழுந்தது. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' 1978ஆம் ஆண்டில். பாலு மகேந்திராவின் 'மூடுபனி' 1980ஆம் ஆண்டில். இரண்டாவது படம் இளையராஜாவின் நூறாவது படமுமாகும். பெங்களூரிலும் உதகையிலும் எடுக்கப்பட்டது. இளமையில் தாய் பட்ட துன்பத்தைக் கண்டவன், விலைமாதர்மேல் தீராப் பகை கொண்டு கொலைகள் புரிகிறான். பிரதாப் போத்தன் அந்த இளைஞனாகவும், ஷோபா அவனிடம் அகப்பட்ட பெண்ணாகவும் நடித்தனர். ஒளிப்பதிவின் அழகில் குறை காண இடமில்லை. மூடுபனியைப் போல் மூடுபனியை எவர் படம் பிடித்தார்? கொலைகாரனுக்கும் ஒரு குழந்தைப் பருவம் உண்டு என்று காட்டியதும் பாராட்டத்தக்கது.

ஆனால் இவற்றைத் தொடர்ந்து வந்த எண்ணற்ற படங்கள் என்ன செய்தன? அழகை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டன. முடிவு என்னவெனில், உள்ளம் நோயுற்றவன் கொலை செய்வான் என்பது. இரவில் தனியே உலவுபவன், தனக்குத்தானே பேசுபவன், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்பவன், இவன் திரையில் தோன்றிய மாத்திரத்தில் பின்னணி இசை மாறிவிடும். நாமும் இருக்கையில் நிமிர்ந்து உட்காருவோம். 1991ஆம் ஆண்டின் 'குணா' போன்ற ஒருசில படங்கள் பித்தனையே அன்புக்குரியவனாகக் காட்டின. அவை விதிவிலக்கு. அந்த நாளில் ராஜனுக்கும் கோபாலுக்கும் நாம் தந்த பரிவை, பின்வந்தோருக்குத் தராமல் பழகிவிட்டோம்.

இவ்விடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரை மறக்கலாகாது. சுஜாதா என்ற ரங்கராஜன், ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்துகொண்டே நாவல்கள் எழுதினார். பகலில் வாக்குப் பதிவு இயந்திர ஆராய்ச்சி, இரவில் கணேஷும் வசந்தும்! அவரது 'கொலையுதிர் காலம்' நிகழ்பவை விஞ்ஞானச் சூழ்ச்சியா, ஆவியின் செயலா என்று நம்மை இருபுறமும் இழுக்கும். காஞ்சனையின் வம்சம் அது. ஆனால் மனநோயைப் பற்றி நெஞ்சு உருகும் கதையை நான் தேடியபோது அது தமிழில் அன்று, பக்கத்திலேயே, நாம் உப்புத் தின்னும் கன்னட மண்ணில் கிடைத்தது.

திரிவேணி என்ற புனைபெயரில் எழுதிய அனசூயா சங்கர், உளநூல் பயின்றவர். முப்பத்தைந்து வயது நிறையுமுன் 1963ஆம் ஆண்டு மறைந்தார். அவர் எழுதிய 'சரபஞ்சர' என்ற நாவலைப் புட்டண்ண கணகால் 1971இல் படமாக்கினார். கல்பனா நடித்த காவேரி, பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனநோய்க்கு ஆளாகிறாள். மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் தேறி வீடு திரும்புகிறாள். கதை இங்கேதான் தொடங்குகிறது. தேறியவளை எவரும் தேறியவளாகப் பார்ப்பதில்லை. கணவன் விலகுகிறான். அக்கம்பக்கத்தார் அவள் சிரித்தாலும் உற்றுப் பார்க்கின்றனர், சிரிக்காவிட்டாலும் உற்றுப் பார்க்கின்றனர். அவள் கொலை செய்யவில்லை, எவரையும் துரத்தவில்லை. ஆயினும் படம் முழுதும் நம் நெஞ்சு பதைக்கிறது. குண்டு எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரிகிறது. அது அவளிடம் இல்லை, அவளைச் சுற்றி இருப்பவர்களிடம் இருக்கிறது. நம் சங்கத்து இளைஞர்கள் கன்னடப் படமென்று ஒதுக்காமல் இதைப் பார்க்க வேண்டும்.

இனி, முன்பு ஒத்திவைத்த காரணத்துக்கு வருகிறேன்.

'அந்த நாள்' வெளிவந்த அதே 1954ஆம் ஆண்டில் நம் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. பழைய மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையோடு அது 1974இல் இணைந்தது. ஓசூர் சாலையில் இன்று நாம் நிம்ஹான்ஸ் என்று அழைப்பது அதுவே. தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் நோயாளிகளை அழைத்துக்கொண்டு வருவோர் ரயிலில் இறங்கி வழி கேட்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். அந்த ஊரில் வாழும் நமக்கு இந்நோய்கள் பற்றிப் பிறரைவிடச் சற்றுக் கூடுதலாகவே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெயரையே நாம் கேலிக்குப் பயன்படுத்துகிறோம். "உன்னை நிம்ஹான்ஸில்தான் சேர்க்க வேண்டும்" என்று சொல்லாத நாக்கு எது? என் நாக்கும் சொன்னதுண்டு.

நம் காலனியில் ஒரு பையன். பெயர் வேண்டாம். தந்தையார் ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பையன் படிப்பில் சூட்டிகை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் அவனை ஒரு நோய் பற்றியது. வீட்டைப் பூட்டிவிட்டு இறங்குவான், பாதிப் படியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான், மறுபடி இறங்குவான், மறுபடி திரும்புவான். குழாயை மூடினோமா, அடுப்பை அணைத்தோமா என்று இரவெல்லாம் எழுந்து எழுந்து பார்ப்பான். கை கழுவிக் கழுவித் தோல் வெடித்துவிட்டது. செய்வது வீண் என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாது. அதுதான் இந்நோயின் கொடுமை. திரையில் நாம் காணும் பித்து பிறரைத் துரத்தும். இந்தப் பித்து அதற்கு ஆளானவனையே துரத்தியது. மனநோயாளரில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை என்று மருத்துவர்கள் சொல்கின்றனர். உண்மையில் தீங்குக்கு ஆளாவோரே அவர்களில் மிகுதி.

அவன் தாயார் என்னிடம் ஒரு நாள், "தம்பி, உங்கள் மாடிக் கூட்டத்துப் பிள்ளைகளைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள். என் மகன் படியிறங்கினால் 'சைக்கோ வருகிறான்' என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள். அவன் இப்போது வெளியே வருவதையே நிறுத்திவிட்டான்" என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. ஓடியவர்களுள் என் மகனும் ஒருவன். அந்தச் சொல்லை அவன் பள்ளியில் கற்கவில்லை. மொட்டை மாடியில், மின்சாரம் இல்லாத ஓர் இரவில், பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் கொலைகாரன் ஒருவனைப் பற்றி நான் சொன்ன கதையில் கற்றான். அப்படி ஒரு படம் எதிலும் இல்லை. சுவைக்காக நானே சேர்த்தது அது. எதிர்வீட்டுப் படிக்கட்டில் நாள்தோறும் நான் கண்டதையே எடுத்து, கொலைகாரனுக்கு மாட்டிவிட்டிருக்கிறேன் என்பது அந்த அம்மையார் பேசும்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றிரவே பிள்ளைகளைக் கூட்டி உண்மையைச் சொன்னேன். என் மகன், "அப்பா, அப்படியானால் நீங்கள் ஏன் அந்தக் கதையைச் சொன்னீர்கள்?" என்று கேட்டான். விடை சொல்லாமல் இறங்கி வந்தேன். பிறகு அந்த அம்மையாரிடம் சென்று, "அக்கா, தொடங்கியவனே நான்தான்" என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுத்தார்.

பையன் சிகிச்சை பெற்றான். மருந்தும், பழக்கத்தை அடக்கும் பயிற்சியும் சேர்ந்து நாளடைவில் பயன் தந்தன. இன்று ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறான். முற்றும் நீங்கிவிட்டதென்று சொல்ல மாட்டான். "ஒரு முறையோடு இறங்கிவிடுகிறேன், மாமா" என்பான்.

சென்ற ஆண்டு நம் சங்கக் கூடத்தில் 'புதிய பறவை' திரையிட்டோம். அவனும் வந்திருந்தான். என் அருகில் அமர்ந்தான். ரயில் ஓசை கேட்டுச் சிவாஜி நடுங்கும் இடத்தில் பின்வரிசையில் சிறுவர் சிலர் சிரித்தனர். நான் அவன் முகத்தைப் பார்க்க அஞ்சித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கும்போது அவனே பேச்சைத் தொடங்கினான்.

"மாமா, சித்ராவின் உடல்மீது வண்டியை ஓட்டி வந்தாரே, அந்த டிரைவர் என்ன ஆனார்?"

"எந்த டிரைவர்?" என்றேன்.

"ரயில் டிரைவர்தான். உயிரோடு ஒரு பெண் கிடக்கிறாள், தான் கொன்றுவிட்டோம் என்றுதானே அவர் எண்ணியிருப்பார்? கோபால் செய்தது கடைசியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. டிரைவருக்கு யாராவது போய்ச் சொன்னார்களா?"

இப்படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. இந்தக் கேள்வி எனக்கு ஒரு முறையும் தோன்றியதில்லை. ஓட்டுநர்களின் விடுப்பு விண்ணப்பங்கள் என் மேசை வழியாகவே செல்கின்றன. வண்டியில் ஒருவர் அடிபட்ட மறுநாள் எழுதப்பட்ட விண்ணப்பங்களும் அவற்றுள் உண்டு. காரணம் என்ற இடத்தில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதியிருக்கும். நானும் அதைப் பதிவேட்டில் அப்படியே ஏற்றிவிட்டு அடுத்த தாளை எடுப்பேன்.

"அப்பாவுக்கு அப்படி நான்கு முறை நடந்திருக்கிறது, மாமா. இப்போதும் சில இரவுகளில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். இதை வைத்து யாரும் படம் எடுக்கவில்லையே?" என்றான்.

மீதமிருந்த நாற்காலிகளை இருவருமாக மடக்கினோம். கூடத்தைப் பூட்டி வரும் பொறுப்பு அன்று என்னுடையது. பூட்டிவிட்டுச் சாவியை அவனிடம் நீட்டினேன். ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். இருவரும் பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம்.